குழாய் எங்கே போயிருக்கிறது?

ஐ.சி.யு.வில் இன்ட்யூபேஷன் முடிந்தவுடன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குழாய் மூச்சுக்குழலுக்குள் இருக்கிறதா, உணவுக்குழாய்க்குள் போய்விட்டதா என்பது முதல் கேள்வி. மூச்சுக்குழலுக்குள்தான் என்றால், சரியான ஆழத்தில் நிற்கிறதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் கருவி வேறு, அவசரம் வேறு. முதல் கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்தாக வேண்டும், அதற்குக் கேப்னோகிராஃப். இரண்டாவதற்குச் சற்று நிதானிக்கலாம். அதற்கு ஸ்டெத்தும் எக்ஸ்ரேயும். "எக்ஸ்ரே வரட்டும், பார்க்கலாம்" என்று முதல் கேள்வியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. "அலை நன்றாக வருகிறதே" என்று இரண்டாவதை மறந்துவிடுகிறவர்களும் உண்டு.

இந்த அத்தியாயம் குழாய் போடும் மருத்துவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. தலைமாட்டில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ், அனஸ்தீசியா டெக்னீஷியன், மருந்து ஏற்றும் ஹவுஸ் சர்ஜன் ஆகியோரும் படிக்க வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கண்ணும் காதும் சொல்லும் பொய்

"குரல்நாண்களுக்கு நடுவில் குழாய் போவதைக் கண்ணால் பார்த்தேன்." இந்தத் துறையில் இதைவிட அதிகம் நம்பப்படும் வாக்குமூலம் இல்லை. பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்த்த நொடிக்கும் குழாயை ஒட்டி முடிக்கும் நொடிக்கும் இடையில் ஸ்டைலெட்டை உருவுகிறோம், லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுக்கிறோம், கஃப்பை ஊதுகிறோம், இன்னொருவர் அம்பு பையை மாட்டும்போது குழாய் ஒரு இழுப்பு இழுபடுகிறது. அதுவும் பூச்சிமருந்து குடித்து வந்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். வாய் முழுக்க நுரை; சக்‌ஷன் வைத்து எடுத்த கையோடு மறுபடி நிறையும்; சேச்சுரேஷன் இறங்க இறங்க மானிட்டரின் ஒலியும் தணிந்துகொண்டே போகும். அந்தப் பரபரப்பில் அரைகுறையாகத் தெரிந்ததை மனம் தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்கிறது.

மார்பு ஏறி இறங்குகிறதே என்பார்கள். இரைப்பைக்குள் காற்று போனாலும் மார்பின் கீழ்ப்பகுதி அசையும். குழாயின் உட்புறம் ஆவி படிகிறதே என்பார்கள். உணவுக்குழாயில் இருக்கும் குழாயிலும் ஆவி படியும். ஸ்டெத்தில் சத்தம் கேட்கிறதே என்றால், உணவுக்குழாய்க்குள் தள்ளப்படும் காற்றின் சத்தம் மார்புச் சுவர் வழியே கடந்து வந்து சுவாச ஒலிபோலவே கேட்கும். பருத்த உடல்காரரிடம் எந்தச் சத்தமும் சரியாகக் கேட்காது. எக்ஸ்ரேயும் இங்கே உதவாது. மூச்சுக்குழலுக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாய் இருக்கிறது. நேராக எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சேச்சுரேஷனை நம்புவது. நன்றாகப் பிராணவாயு கொடுத்துத் தயார்செய்த நோயாளிக்குக் குழாய் உணவுக்குழாயில் இருந்தாலும் சில நிமிடங்கள் எண் அசையாமல் நிற்கும். அந்த நிம்மதியில் ஒருவர் குழாயைக் கட்டிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பிறகு எண் சரியத் தொடங்கும்போது யாரும் குழாயைச் சந்தேகிப்பதில்லை. நிமோனியா, நுரையீரல் வீக்கம், ஆஸ்துமா என்று நோயின் மேல் பழி போகிறது. தீவிர நோயாளியிடம் சாக்குச் சொல்ல எப்போதும் ஒரு நோய் இருக்கிறது. அறுவை அரங்கில் ஆரோக்கியமானவருக்கு நடக்கும் இன்ட்யூபேஷனுக்கும் ஐ.சி.யு. இன்ட்யூபேஷனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இது அபூர்வமான விபத்து என்று நினைக்க வேண்டாம். 29 நாடுகளில் 2,964 தீவிர நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான இன்ட்யூப் ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் குழாய் ஒருமுறையாவது உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. போவதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை; கைதேர்ந்தவர்களுக்கும் போகும். போனது தெரியாமல் இருப்பதுதான் கொல்கிறது.

அலை

நுரையீரலிலிருந்துதான் கரியமில வாயு வெளியே வருகிறது. இரைப்பையிலிருந்து தொடர்ந்து வருவதில்லை. கேப்னோகிராஃபின் முழு வலிமையும் இந்த ஒரு உண்மையில் நிற்கிறது.

திரையில் தேட வேண்டியது எண்ணை அல்ல, அலையை. நோயாளி மூச்சை வெளிவிடும்போது கோடு அடிமட்டத்திலிருந்து செங்குத்தாக எழும்பி, மேலே லேசாக ஏறிச்செல்லும் ஒரு மேடாக ஓடி, அடுத்த மூச்சு உள்ளே போகும்போது நேரே கீழே விழ வேண்டும். ஆரோக்கியமானவருக்கு அந்த மேட்டின் முடிவில் அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். தீவிர நோயாளியிடம் இது 20ஆகவும் இருக்கலாம், 90ஆகவும் இருக்கலாம். மேடு ஆஸ்துமாக்காரரிடம் சுறாவின் துடுப்புபோலச் சாய்ந்து நிற்கும். இவை எல்லாம் வேறு செய்திகள். குழாயின் இடத்தைப் பொறுத்தவரை அலை அலைதான்.

ஆனால் ஒன்றிரண்டு அலைகளைப் பார்த்துக் கைதட்டிவிடக் கூடாது. முகமூடி வைத்து அம்பு பை அழுத்தும்போது வெளிமூச்சு கொஞ்சம் இரைப்பைக்குள்ளும் போயிருக்கலாம். சோடா குடித்து வந்தவராகவும் இருக்கலாம். அப்போது உணவுக்குழாயிலிருந்தும் நான்கைந்து மூச்சுக்குச் சிறு அலைகள் வந்து, தேய்ந்து மறையும். அதனால்தான் 2022இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த பூமா வழிகாட்டுதல் ஏழு மூச்சு வரை பார்க்கச் சொல்கிறது. ஏழிலும் அலை வர வேண்டும், உயரம் குறையாமல் நிலைத்தோ கூடியோ வர வேண்டும், அடிக்கோட்டிலிருந்து குறைந்தது 7.5 மி.மீ. பாதரசம் உயர வேண்டும், நோயாளியின் நிலைக்குப் பொருந்தியும் இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் "நிலையான அலை".

நடைமுறையில் ஒரு சிறு பழக்கம் பெரிய சண்டைகளைத் தவிர்க்கும். குழாய் போடுவதற்கு முன், முகமூடியில் பிராணவாயு கொடுக்கும்போதே கேப்னோகிராஃபை இணைத்துவிடுங்கள். முகமூடிக்கும் அம்பு பைக்கும் நடுவில் கனெக்டர், அதிலிருந்து மெல்லிய சாம்பிளிங் லைன், அந்தப் பக்கம் மானிட்டர். நோயாளியின் சொந்த மூச்சுக்கே அலை வரும். இப்போது கருவி வேலை செய்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. குழாய் போட்ட பிறகு கோடு தட்டையானால் "மெஷின் ரிப்பேர்" என்று யாரும் சொல்ல முடியாது.

கோடு தட்டையாக இருந்தால்

பிரிட்டனில் மயக்கவியல் ராயல் கல்லூரியும் கடின மூச்சுப்பாதைச் சங்கமும் சேர்ந்து இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்துகின்றன. அதன் முழக்கத்தின் சாரம்: அலை இல்லையென்றால் குழாய் தவறான இடத்தில். இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதே இரு அமைப்புகள் நடத்தி 2011இல் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கையில், ஐ.சி.யு. மூச்சுப்பாதை மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கேப்னோகிராஃப் இல்லாததோ, சரியாகப் பயன்படுத்தாததோ பங்கு வகித்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

அந்தத் தணிக்கை காட்டிய இன்னொரு பொறி: இதயம் நின்ற நோயாளியிடம் தட்டைக் கோட்டைப் பார்த்துவிட்டு "இதயம் நின்றுவிட்டது, அதனால் அலை வரவில்லை" என்று முடிவுகட்டுவது. இது தவறு. மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கொஞ்சம் இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது; கொஞ்சம் கரியமில வாயுவும் வெளியே வருகிறது. அலை குட்டையாக இருக்கும், ஆனால் இருக்கும். சி.பி.ஆர். நடக்கும்போது கோடு முற்றிலும் தட்டை என்றால் முதல் சந்தேகம் குழாயின் மேல்தான் விழ வேண்டும். பல நேரம் இதயம் நின்றதற்கே காரணம் அந்தக் குழாயாக இருக்கும்.

சரி, என்ன செய்வது? குழாயை எடுங்கள். இதுதான் முதல் விதி, மற்றவை விதிவிலக்குகள். எடுத்துவிட்டு முகமூடியோ ஐ-ஜெல்லோ வைத்து மூச்சுக் கொடுங்கள். நோயாளிக்குத் தேவை பிராணவாயு, பிளாஸ்டிக் குழாய் அல்ல. கடினமாகப் போட்ட குழாய், எடுத்தால் மறுபடி போட முடியுமா என்ற பயம் இருக்குமானால், எடுக்காமலிருக்கக் காரணத்தை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், அதுவும் உடனே. வீடியோ லாரிங்கோஸ்கோப்பை மறுபடி உள்ளே விட்டு, குழாய் குரல்நாண்களுக்கு நடுவில் போவதை எல்லோரும் திரையில் பார்க்கும்படி காட்டுங்கள். அல்லது குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பை விட்டு மூச்சுக்குழல் வளையங்களையும் கேரைனாவையும் காட்டுங்கள். இப்படி உறுதியான பிறகே, சாம்பிளிங் லைன் மடங்கியிருக்கிறதா, தண்ணீர் அடைத்திருக்கிறதா, குழாய் சளியால் அடைபட்டிருக்கிறதா, மூச்சுக்கிளைகள் இறுகிக் காற்றே போகாத நிலையா என்று தேடலாம். பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லைனை உதறிப் பார்த்து, கனெக்டரை மாற்றி, மானிட்டரைத் தட்டி, அதற்குள் நான்கு நிமிடம் போய்விடும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் வெளியான டிவைஸ் ஆய்வில், தீவிர நோயாளிகளுக்கு முதல் முயற்சியிலேயே குழாய் போட முடிந்தது வீடியோவில் 85 சதவீதம், சாதாரண லாரிங்கோஸ்கோப்பில் 71 சதவீதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒருவர் மட்டும் கண்டதை அறையே காண்கிறது என்பது.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

தட்டைக் கோட்டை முதலில் பார்ப்பது பெரும்பாலும் குழாய் போட்டவர் அல்ல. அவர் குனிந்திருக்கிறார்; கை குழாயைப் பிடித்திருக்கிறது. பார்ப்பது எதிரே நிற்கும் சிஸ்டர். அவருக்குத் தெரிகிறது, ஆனால் போட்டவர் பேராசிரியர் அல்லது இரவு முழுக்கத் தூங்காத பி.ஜி.; "சார் பார்த்திருப்பார்" என்று வாயை மூடிக்கொள்கிறார். நம் வார்டுகளில் படிநிலை பலமானது. அதை ஒரு வழிகாட்டி நூல் மாற்றிவிடாது. ஆனால் சொல்லுவதை ஒரு சடங்காக ஆக்கிவிட்டால் யாருக்கும் அது எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றாது. பூமா வழிகாட்டுதல் கேட்பதும் இதுதான்: குழாய் போட்டவரும் உதவியாளரும் இருவரும் நிலையான அலையைப் பார்த்து, இருவரும் வாயால் சொல்ல வேண்டும்.

வார்டில் இது இப்படி இருக்கும்.

"சிஸ்டர், அலை வருதா?"

"வருது சார். ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழு வரை எண்ணுகிறார். "ஏழு. குறையல சார்."

"நானும் பார்த்தேன். ஏழு. கட்டலாம்."

வரவில்லை என்றால் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: "அலை வரல." கொஞ்சம் குறைவாத் தெரியுது, லைன்ல ஏதோ பிரச்சினை போல, என்றெல்லாம் மென்மையாக்க வேண்டாம். அதைக் கேட்ட மருத்துவர் கோபப்பட்டால், தவறு அவருடையது. துறைத் தலைவர்கள் இதை ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவைத்தால் போதும்.

கேப்னோகிராஃப் இல்லாத இடத்தில்

இன்ட்யூப் ஆய்வில்கூட அலையைப் பார்த்து உறுதிசெய்தது நான்கில் ஒரு பங்கு நோயாளிகளுக்குத்தான். இந்தியாவின் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016இல் ஐ.சி.யு.வுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டுதலும் கேப்னோகிராஃபைத்தான் கேட்கிறது. லட்சங்கள் கொடுத்து வென்டிலேட்டர் வாங்கிய மருத்துவமனை கேப்னோகிராஃப் வாங்கவில்லை என்றால், அது சிக்கனம் அல்ல, கணக்குத் தெரியாமை. ஆனாலும் இன்றிரவு உங்கள் முன் படுத்திருக்கும் நோயாளிக்கு இந்தக் கோபத்தால் பயனில்லை. கையில் உள்ளதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நிறம் மாறும் சிறு டப்பி கிடைத்தால் அது அடுத்த சிறந்தது. ஊதா நிறத்திலிருந்து ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் மஞ்சளாக மாறி, உள்மூச்சுக்கு ஊதாவுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளிலேயே நின்றுவிட்டால் வாந்தியின் அமிலம் பட்டிருக்கலாம், நம்பாதீர்கள். இதயம் நின்றவரிடம் கரியமில வாயு குறைவாக வருவதால் நிறம் மாறாமலே போகலாம்.

அதுவும் இல்லையென்றால் 60 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும். 1988இல் வீ என்ற மயக்கவியலாளர் விவரித்த முறை இது. மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் திறந்தே வைத்திருக்கின்றன. உணவுக்குழாயோ உறிஞ்சினால் ஊறிப்போன காகித ஸ்ட்ராபோல ஒட்டிக்கொள்ளும். கனெக்டர் வழியாகக் காற்றுக் கசியாமல் சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, மூச்சுக் கொடுப்பதற்கு முன்பே, வேகமாக இழுங்கள். காற்று தடையின்றி வந்தால் மூச்சுக்குழல். பிஸ்டன் இழுத்துப் பிடித்தால் உணவுக்குழாய். மிகப் பருத்தவர், கர்ப்பிணி, கெட்டிச் சளி உள்ளவர் ஆகியோரிடம் மூச்சுக்குழலிலும் இழுப்பு இருக்கலாம். அங்கே இதை மட்டும் நம்ப முடியாது.

அல்ட்ராசவுண்ட் இருக்கும் கேஷுவால்டியில், லீனியர் ப்ரோபைக் கழுத்துக்குழிக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். மூச்சுக்குழலின் ஒற்றை நிழல் மட்டும் தெரிந்தால் நல்லது. பக்கத்தில், பெரும்பாலும் இடப்புறம், இரண்டாவது காற்றுக்கோடும் நிழலும் முளைத்திருந்தால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது. குழாய் போகும்போதே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு மூச்சும் கொடுக்காமலே தெரிந்துவிடும். பழகாத கைக்கு இது பொய்த் தைரியம் தரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டெத்தை வைத்தே பார்க்க வேண்டிய நிலை என்றால், முதலில் மேல்வயிற்றில் வையுங்கள், மார்பில் அல்ல. முதல் மூச்சுக்கே வயிற்றில் குடுகுடுவென்று சத்தம் கேட்டால் இரண்டாவது மூச்சுக் கொடுக்கத் தேவையில்லை. அலையில்லாத இடத்தில் ஒரே விதி: சந்தேகம் என்றால் எடுத்துவிடு.

ஆழம்

இப்போது இரண்டாவது கேள்வி. இங்கே அலை உதவாது. குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிட்டாலும் அலை அழகாக வரும். வலது கிளை அகலமானது, இடதைவிட நேராகக் கீழே போகிறது; ஆழமாகப் போன குழாய் அங்கேதான் நுழையும். இடது நுரையீரல் சுருங்கும், வலது ஒற்றை ஆளாக எல்லாக் காற்றையும் வாங்கி உப்பும். அலை நன்றாக இருந்தும் சேச்சுரேஷன் ஏறவில்லை, வென்டிலேட்டரில் அழுத்தம் அதிகம் என்றால் முதலில் பல்வரிசையில் எண்ணைப் பாருங்கள்.

பெரியவர்களில் முன்பற்களின் மட்டத்தில் பெண்களுக்கு 21 செ.மீ., ஆண்களுக்கு 23 செ.மீ. என்பது தொடக்கக் கணக்கு. குள்ளமானவருக்கு இது அதிகம். எண்ணை எழுதும்போது "22" என்று மட்டும் எழுதாதீர்கள். பல்லிலா உதட்டிலா என்று எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. காலை ஷிஃப்ட் உதட்டிலும் இரவு ஷிஃப்ட் பல்லிலும் அளந்தால், நகராத குழாய் நகர்ந்ததாகவும் நகர்ந்த குழாய் நகராததாகவும் கேஸ் ஷீட்டில் தெரியும். ஸ்டெத்துக்கு உண்மையான வேலை இங்கேதான்: இரு அக்குளிலும் வைத்து ஒப்பிடுங்கள். இருபுறமும் ஒரேபோலக் கேட்டாலும் ஆழம் சரி என்று அறுதியிட முடியாது.

எக்ஸ்ரேயில் குழாயின் நுனி கேரைனாவுக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். படம் எடுத்தபோது தலை எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். கழுத்தை மடக்கினால் நுனி சுமார் 2 செ.மீ. கீழே இறங்கும், நிமிர்த்தினால் ஏறக்குறைய அதே அளவு மேலே வரும். குழாயை இழுக்க வேண்டுமானால் கஃப்பின் காற்றை எடுத்து, ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் இழுத்து, மறுபடி ஊதி, அலையை மறுபடி பாருங்கள். கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர். விரலால் பலூனைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது.

போட்ட பிறகு

உறுதிசெய்த குழாய் உறுதியாகவே இருந்துவிடாது. புரட்டிப் படுக்கவைக்கும்போது, எக்ஸ்ரே கேசட்டை முதுகுக்குக் கீழே செருகும்போது, சி.டி. ஸ்கேன் மேசைக்கு மாற்றும்போது குழாய் நகர்கிறது. அதனால் குழாய் இருக்கும்வரை அலையும் திரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தலைமாட்டில் நிற்பவர் அலையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரக்கியாஸ்டமி போட்டவர்களுக்கும் இது பொருந்தும். 2011 தணிக்கையில் ஐ.சி.யு. தீங்குகளில் பெரும்பங்கு நகர்ந்துபோன டிரக்கியாஸ்டமிக் குழாய்களுக்கு உண்டு.

வேறு மருத்துவமனையில் குழாய் போட்டு, 108 ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் நோயாளி தனி வகை. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் குழாய் போட்டுக் கொண்டுவந்த 108 பேரை அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் சோதித்தார்கள். நான்கில் ஒருவருக்குக் குழாய் தவறான இடத்தில் இருந்தது. அதே வட்டாரத்திலிருந்து 2005இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது: வழி நெடுக அலையைப் பார்த்து வந்த 93 பேரில் கவனிக்கப்படாத தவறான குழாய் ஒருவருக்குக்கூட இல்லை, பார்க்காமல் வந்த 60 பேரில் 14 பேருக்கு இருந்தது. ஆகவே ரெஃபரல் கடிதத்தைப் படிப்பதற்கு முன், ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றிய உடனே, லைனை மாட்டி ஏழு மூச்சு எண்ணுங்கள்.

நம் மருத்துவமனைகளில் பல இடங்களில் கேப்னோகிராஃப் மானிட்டருக்குள் இருக்கிறது. சாம்பிளிங் லைன்தான் இருப்பதில்லை. தீர்ந்துபோய் ஒரு மாதமாகியும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த இண்டென்டில் அதை எழுதுங்கள்: இன்ட்யூபேஷன் டிராலிக்கு ஒன்று, ஒவ்வொரு வென்டிலேட்டர் கட்டிலுக்கும் ஒன்று, சி.டி.க்குக் கொண்டுபோகும் மானிட்டருக்கு ஒன்று.